தாய் வாய்க் கணக்கு

தலைமையாசிரியர் சிகோண்டி மூன்றாவது முறையாக எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "உங்கள் பதிவேட்டின்படி ம்போட்டோ வட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். என் பள்ளிக்கு வருவது நானூற்றுப் பத்து. மீதிப் பேரை நான் எங்கே போய்த் தேட?"

முதல் இரண்டு கடிதங்களைத் தலைநகரின் கணக்கெடுப்பு அலுவலகத்தில் யாரும் சட்டை செய்யவில்லை. பிள்ளைகள் அப்பன்மாரோடு மீன்பிடிக்கப் போயிருப்பார்கள், வாத்தியாருக்கு வீடுவீடாகப் போய்க் கூப்பிட உடம்பு வணங்கவில்லை, அவ்வளவுதான் என்று சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். மூன்றாவது கடிதம் வடிவாம்பிகையின் மேசைக்கு வந்தது. படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வடிவாம்பிகை சாத்தூர்க்காரி. நாற்பத்தாறு வயது. மக்கள்தொகைக் கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கி, பத்து வருடமாக லுவாண்டே நாட்டின் தலைநகரில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஊரில் கண் பட்டுவிடும் என்று பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லவே யோசிப்பார்கள். அவளுக்கோ எண்ணுவதே பிழைப்பு.

லுவாண்டே, நீளமான ஒரு ஏரியும் அதை ஒட்டிய துண்டு நிலமுமான ஆப்பிரிக்க நாடு. இருபதே வருடத்தில் ஜனத்தொகை இரண்டு மடங்கானது. ஏரி அதற்காக இரண்டு மடங்காகவில்லை. உலகத்துப் பெரிய மனிதர்கள் கூடி, ஏரிக்கரை ஹோட்டலில் பொரித்த மீன் தின்றுகொண்டே நான்கு நாள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையில் பிறந்ததுதான் 'தாழ்ப்பாள்'.

நெல்மணி அளவில் ஒரு பொருள். பெண்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தடுப்பூசி போடும்போதே கையில் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். ஒரு வட்டத்தின் தண்ணீரும் சோளமும் தாங்குகிற அளவைத் தாண்டி ஜனம் பெருகினால், அங்கே இருக்கும் கோபுரம் சமிக்ஞை அனுப்பும். மணி மருந்தைக் கசியவிடும். கரு தங்காது. ஜனம் குறைந்தால் கோபுரம் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறந்துவிடும். கத்தி இல்லை, போலீஸ் இல்லை, எண் மட்டும்தான். உலகமே பாராட்டியது.

அந்த எண்ணை எடுக்கும் முறை வடிவாம்பிகையுடையது. மாதம் ஒருமுறை இயந்திரக் குரல் ஒன்று ஒவ்வொரு தாயையும் அவள் மொழியிலேயே போனில் கூப்பிட்டு, "உங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்கும். புதுப் பெயர் என்றால் பிறந்த வருடத்தையும் கேட்டுக்கொள்ளும். தாய் சொன்னதுதான் கணக்கு. தாய் சொன்னால் மட்டும்தான் ஒருவர் பதிவேட்டில் இருப்பார். ஆண்கள் கல்யாணம் வரையிலும், பெண்கள் தாங்களே தாயாகும் வரையிலும் தங்கள் தாயின் வாய்வழியாகத்தான் இருந்தார்கள். மந்திரியோ அதிகாரியோ ஒரு பெயரைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. தாய் என்னென்ன பெயர் சொன்னாள் என்பதை இயந்திரம் தவிர யாரும் கேட்கவும் முடியாது. மொத்த எண் மட்டும்தான் வெளியே வரும். இதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

திங்கட்கிழமை காலை ஜீப்பில் கிளம்பினாள். ஓட்டியவள் லிண்டிவே. எட்டு வருடமாக வடிவாம்பிகையின் மொழிபெயர்ப்பாளர். இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஆறு வருடம், இன்னும் பிள்ளை இல்லை. சாத்தூரிலிருந்து வரும் போன்களைக் கேட்டுக் கேட்டு 'அக்கா' என்று கூப்பிடப் பழகிக்கொண்டவள். ம்போட்டோ அவள் பிறந்த வட்டம். எந்த ஊரில் குடியிருந்தாலும், தாய் பெயர் சொல்லும் வட்டத்தின் கோபுரம்தான் ஒருத்தியின் மணியை மூடும், திறக்கும்.

"அக்கா, வெள்ளிக்கிழமைதானே?" என்று சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆமா. வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டு மணியோட உங்க ஊர்ல தாழ்ப்பாள் விழுந்து அஞ்சு வருஷம்."

"அதுக்கப்புறம் கோபுரம் கூப்பிட்டாலும் திறக்காது."

"திறக்காது. அஞ்சு வருஷம் விடாம மூடியே இருந்தா மருந்து உடம்போட ஒட்டிப்போயிடும்னு அதைச் செஞ்சவங்களே சொல்லியிருக்காங்க. எந்த வட்டமும் ரெண்டு வருஷத்துக்கு மேல மூடிக்கிடக்காதுன்னு நம்பிட்டோம்."

"நாலு வருஷத்துக்கு மேல எங்க ஊர்ல தொட்டில் ஆடலையே அக்கா. அப்புறமும் எப்படிக் கணக்கு இறங்க மாட்டேங்குது?"

"அதைத்தான் பார்க்கப் போறோம்."

"நாலு நாள்ல பார்த்துடுவோமா?"

லிண்டிவே வளையலைத் தள்ளிவிட்டு, முழங்கைக்குக் கீழே மணி புதைந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வண்டியை ஓட்டினாள். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்பதை அந்த விரலே சொன்னது.

பள்ளிக்கூடத்தில் சிகோண்டி அவர்களை ஒவ்வொரு வகுப்பாகக் கூட்டிப் போனார். முன்வரிசையில் மட்டும் பிள்ளைகள். பின்னால் அரசாங்கம் கணக்குப் பார்த்து அனுப்பிய புத்தம்புது பெஞ்சுகள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"நான் வடக்கே உள்ளவன். இந்த ஊர் வழக்கம் எனக்குப் பிடிபடலை. யாரைக் கேட்டாலும் பிள்ளைங்க இருக்காங்கன்னு பேரைச் சொல்றாங்க. எங்கேன்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுறாங்க" என்றார் அவர்.

அங்கிருந்து இருவரும் லிண்டிவேயின் தாய் வீட்டுக்குப் போனார்கள். தோகோ ஐம்பது வயதுக்காரி, வாட்டசாட்டமான பெண்மணி. அந்த ஊரில் தாயான பெண்களை 'அமாயி' என்பார்கள். அமாயி தோகோ பேசினால் ஏழு கிராமத்துப் பெண்களும் காது கொடுப்பார்கள். சோளக் களியும் நெத்திலிக் குழம்பும் வைத்துக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். வீடு நிசப்தமாக இருந்தது.

"லிண்டிவே, நீங்க அஞ்சு பேர்தானே? எட்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கியே. மத்த நாலு பேரும் எங்கே வேலை பார்க்கிறாங்க?"

கேட்ட பிறகுதான், இத்தனை வருடத்தில் இதைக் கேட்காமலே இருந்திருக்கிறோம் என்று வடிவாம்பிகைக்கு உறைத்தது. லிண்டிவே தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்தாள்.

"குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க அக்கா. நாலு பேருமே காய்ச்சல்ல போனவங்க. கடைசித் தங்கச்சி அதுபெலேக்கு அப்போ நாலு வயசு."

வடிவாம்பிகையின் கை களியிலேயே நின்றுவிட்டது.

"போன்ல கேக்கும்போது அமாயி எத்தனை பேர் சொல்றாங்க?"

"அஞ்சுதான். வேற எப்படிச் சொல்வாங்க?" லிண்டிவேக்குக் கேள்வியே புரியவில்லை. "பெத்த பிள்ளையைப் பேர் சொல்லாம விட்டா, 'நீ என் பிள்ளை இல்லை'ன்னு சொன்ன மாதிரி. விடப்பட்ட பிள்ளை திரும்பி வரும். உசிரோட இருக்கிற கூடப்பொறந்ததைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடும். பத்து வயசுக்குள்ள போற பிள்ளையைப் பொம்பளைங்களே அன்னைக்கே கொண்டுபோய்ப் புதைச்சிடுவோம். ஆம்பளைங்க வர மாட்டாங்க. எங்கேயும் எழுதி வைக்க மாட்டோம். இது ஊருக்கே தெரியும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, அக்கா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். பத்து வருடம் முன்னால் போனில் கேட்கும் கேள்விகளை எழுதியபோது, உலகத்துக் கணக்கெடுப்புகளில் எல்லாம் இருக்கும் ஒரு கேள்வி அதிலும் இருந்தது. பெற்றவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்ற கேள்வி. அதை அடித்து நீக்கியவள் வடிவாம்பிகைதான். ஒரு தாயிடம் இயந்திரம் போய் இப்படி அபசகுனமாகக் கேட்பதா என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவளுக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குப் பின் வந்த லிண்டிவேயும் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தபோது, அந்தக் கேள்வி இல்லையே என்று நிம்மதிப்பட்டாள். இருவரும் நல்ல மனசோடு செய்த காரியம். அதன் பலனாக இந்த வட்டத்தில் பிறந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். இறந்த பிள்ளை ஒன்றுகூடக் கழியவில்லை. இல்லாத பிள்ளைகள் குடிக்காத தண்ணீருக்கும் தின்னாத சோளத்துக்கும் சேர்த்துத் தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

வடிவாம்பிகை வெளியே வந்து அலுவலக இயக்குநர் காம்பஞ்சேயைப் போனில் பிடித்தாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"டாக்டர், நான் என்ன செய்ய முடியும்? தாய் வாயால மட்டும்தான் கணக்கு மாறும்னு சட்டம் எழுதினது நீங்க."

"ஒரு உத்தரவு போட்டு..."

"என் உத்தரவைக் கோபுரம் கேக்காது. கேக்கக் கூடாதுன்னுதானே கட்டினோம்? தாய்மாருக்கு இந்த மாசத்துக் கேள்வி இன்னும் போகலை. அதை வியாழக்கிழமை அனுப்பச் சொல்றேன். அவங்க போனவங்க பேரை விட்டுட்டுச் சொல்லட்டும். எழுநூறு பேர் குறைஞ்சா திறந்துடும். மாசத்துக்கு ஒரு தடவைதான் சொல்லலாம், ஞாபகம் வெச்சுக்கோங்க. ரெண்டாவது வாய்ப்பு கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. ஏரிக்கு இந்தப் பக்கம் இதே வழக்கம் உள்ள வட்டம் இன்னும் பதினொண்ணு இருக்கு. இதை இப்போ வெளியே சொல்லாதீங்க."

வடிவாம்பிகை போனை வைத்தாள். ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஏழு கிராமத்துத் தாய்மாரும் மீன் காயவைக்கும் திடலில் கூடினார்கள். முந்நூறு பேருக்குக் குறையாது. இளம்பெண்களைப் பக்கத்தில் விடவில்லை, பேச்சை மொழிபெயர்க்க லிண்டிவே மட்டும் நின்றாள். வடிவாம்பிகை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள். வியாழக்கிழமை இயந்திரம் கேட்கும்போது இறந்தவர்களின் பெயரை விட்டுவிடுங்கள் என்றாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அவர்கள் மகள்களுக்குப் பிள்ளையே கிடையாது என்றாள்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "செத்த பிள்ளையை இன்னொரு தடவை சாகடிக்கச் சொல்றியா?"

"எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரே மகன். அவனையும் கூட்டிட்டுப் போறதுக்கா?" என்றாள் இன்னொருத்தி.

தோகோ கையை உயர்த்தினாள். எல்லோரும் அடங்கினார்கள்.

"தங்கச்சி, உனக்கு எத்தனை பிள்ளை?"

"ஒரு பையன். சென்னையில படிக்கிறான்."

"எல்லாரையும் சொல்லு."

எப்படித் தெரிந்தது என்று வடிவாம்பிகைக்கு விளங்கவில்லை. பெற்று இழந்த முகத்தை இந்த ஊர்ப் பெண்களுக்கு அடையாளம் தெரியும் போலும். அவள் சொன்னாள்: "ஒரு பொண்ணு இருந்தா. மலர்விழி. மூணு வயசுல டெங்குல போயிட்டா. பதினஞ்சு வருஷமாச்சு."

அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லியும் அத்தனை வருடமாகியிருந்தது. அழுகை முட்டியது. ஆனால் அவள் கணக்குக்காரி. அழுகைக்கு நடுவிலும் வாதம் ஒன்று கிடைத்துவிட்டது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க அமாயி, யார் கேட்டாலும் ஒண்ணுன்னுதான் சொல்றேன். அவளை விட்டுடறேன். என் பையனுக்கு ஒண்ணும் ஆகலையே! நல்லாத்தானே இருக்கான்? நீங்களும் சொல்லலாம், ஒண்ணும் ஆகாது."

லிண்டிவே அதை மொழிபெயர்த்தாள். தோகோ வடிவாம்பிகையின் பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்த்தாள்.

"பதினஞ்சு வருஷமா உன் வாசல்லயே நிக்கிறாளா அவ?"

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வடிவாம்பிகை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருந்தும் திரும்பிப் பார்த்தாள். காயப்போட்ட மீன் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு முழுவதும் சென்னையில் இருக்கும் மகனுக்கு நாலு தடவை போன் செய்தாள். நாலாவது தடவை அவன், "என்னம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று எரிந்து விழுந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் தோகோ வந்து, "நாங்க பேசிட்டோம். எண்ணிக்கை குறையும். நீ பயப்படாதே" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. லிண்டிவே தாயின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்து போன்கள் ஒலிக்க ஆரம்பித்தன. ஒவ்வொரு தாயும் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள்களையும் ஆண்களையும் வாசலுக்கே வரவிடவில்லை. வடிவாம்பிகை ஜீப்பில் உட்கார்ந்து திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு குறைந்தது. இருநூறு குறைந்தது. சாயங்காலத்துக்குள் அறுநூற்று முப்பது. வெளியே சிரித்துக்கொண்டு வந்த தாய்மாரும் உண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு எழுநூறைத் தாண்டியது. கோபுரத்து உச்சியில் ஐந்து வருடமாக எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு பச்சையானது.

ஊரே தெருவில் இறங்கிவிட்டது. இளம்பெண்கள் கூவினார்கள், நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள், ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சுற்றினார்கள். லிண்டிவே தலைநகரில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டு, பேச முடியாமல் விக்கி விக்கிச் சிரித்தாள். வடிவாம்பிகையும் யாரோ கையைப் பிடித்து இழுக்க நாலு அடி ஆடினாள். பத்து வருடத்தில் அந்த நாட்டில் அவள் ஆடியது அன்றைக்குத்தான்.

மூச்சு வாங்க வந்து தோகோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அமாயி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. போனவங்க பேரை விடறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

தோகோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இல்லை தங்கச்சி. நீ செஞ்சதை எங்களால செய்ய முடியலை. உன் கதையைக் கேட்ட ராத்திரி ஒருத்தியும் தூங்கலை. குழந்தை பதினஞ்சு வருஷமா வாசல்ல நிக்கிறதுன்னா சும்மாவா? உங்க பெட்டிக்கு வேண்டியது எண்ணிக்கை குறையணும், அவ்வளவுதானே? இருக்கிறவங்க பேரை விட்டுட்டோம். இருக்கிறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. சோறு போட்டா சரியாயிடும்." என்றவள், ஆடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துச் சிரித்தாள். "நான் போன நாலு பேரையும் சொன்னேன். இவளைத்தான் விட்டேன்."

வடிவாம்பிகைக்கு அது புரிய ஒரு நிமிடம் பிடித்தது. பிள்ளை பெறாத பெண் எல்லாம் தாயின் வாய்வழியாகத்தான் பதிவேட்டில் இருந்தாள். கோபுரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் திறக்கும். எந்தப் பெண்களுக்காகத் தாழ்ப்பாளைத் திறக்கப் போராடினார்களோ, அந்தப் பெண்களின் பெயர் நேற்றோடு பதிவேட்டில் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவைதான் சொல்லலாம். மணி பதினொன்று முப்பத்தைந்து.

காம்பஞ்சேக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். "லிண்டிவே!" என்று கத்தினாள். குலவைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குள் தாய்மாரின் போன்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கின. கோபுரம் தன் வேலையைச் செய்துவிட்டுத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. தோகோவின் மடியிலும் ஒரு போன் ஒலித்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகளைக் கைதட்டிக் கூப்பிட்டுப் போனை நீட்டினாள்.

"உன் பேர்தான் வந்திருக்கும். எல்லாரும் கேக்கற மாதிரி படி."

லிண்டிவே வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்று, உரக்கப் படித்தாள்.

"வாழ்த்துகள். உங்கள் மகள் அதுபெலே, வயது பதினெட்டு, இன்று முதல் தாயாகலாம்."